மாட்டுக் கொட்டகையில் தொடங்கும் இரத்தப் பரிசோதனை: புரூசெல்லா ஆன்டிபாடி சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒருவகைக் கூட்டம் நண்பகலுக்குப் பிறகுதான் வரும். அன்று பொய்கையில் மாட்டுச் சந்தை. விடியற்காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய், விலை பேசி, விற்றதும் விற்காததுமாக முடித்துவிட்டு, வந்தது வந்தோம் என்று வேலூருக்குள் நுழைந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கையில் இருக்கும் சீட்டில் பெரும்பாலும் மூன்றே சொற்கள்: மலேரியா, டெங்கு, வைடால் (டைபாய்டுக்கான இரத்தச் சோதனை). இருபது நாள் காய்ச்சல் என்பார்கள். நான் ஊசியைக் குத்துவதற்கு முன் கேட்பேன்: "வீட்டில் மாடு ஏதாவது சமீபத்தில் கன்று வீசியதா?" சினை மாடு மாதம் நிறையும் முன்பே கருவை வெளியே தள்ளிவிடுவதைத்தான் கன்று வீசுவது என்கிறோம்.

"மாடு கன்று வீசியதற்கும் என் காய்ச்சலுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்று அணைக்கட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் ஒருமுறை கோபித்துக்கொண்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். அவர் விஷயத்தில் நான் செய்த ஒரு தவறும் பின்னால் வரும்.

புரூசெல்லோசிஸ் என்பது கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா நோய். கால்நடைத் துறையினர் இதைக் கன்று வீச்சு நோய் என்றும் கருச்சிதைவு நோய் என்றும் சொல்வார்கள். மாடு, எருமையில் வருவது பெரும்பாலும் புரூசெல்லா அபார்டஸ். வெள்ளாடு, செம்மறியில் வருவது மெலிடென்சிஸ். மனிதரை அதிகம் வாட்டுவதும் இதுதான். பன்றியில் சூயிஸ், நாயில் கேனிஸ்.

இந்தச் சோதனையின் வரலாற்றிலேயே ஒரு ஆடு இருக்கிறது. 1887-இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1897-இல் ஆல்ம்ராத் ரைட், நோயாளியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீரை, கிருமிக் கரைசலில் கலந்தால் கிருமிகள் திரண்டு கட்டியாகின்றன என்று காட்டினார். கிருமி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்கிளிஸ் ஜாமிட் அதே சோதனையை ஆடுகளின் இரத்தத்தில் செய்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்த ஆடுகளின் சீரம் கிருமியைத் திரட்டியது. அவற்றின் பாலைத்தான் சிப்பாய்கள் காய்ச்சாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் படி: உங்களுக்கு இந்தச் சோதனை தேவையா?

காய்ச்சல் வந்தவருக்கெல்லாம் இது வேண்டாம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்ட பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் நீண்ட காய்ச்சலுக்குக் காரணங்கள் ஏராளம். மழை விட்ட மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் இங்கே சர்வ சாதாரணம். டைபாய்டு, எலிக்காய்ச்சல், காசநோய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. புரூசெல்லாவை நினைக்க வேண்டியது இரண்டு விஷயங்கள் சேரும்போது.

ஒன்று உடம்பு சொல்வது. பத்து நாளைத் தாண்டியும் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்வை, இடுப்பிலும் முழங்காலிலும் வலி, பசியின்மை, எடைக் குறைவு, எழுந்து நடக்கவே மனமில்லாத சோர்வு. ஆண்களுக்கு விரை வீங்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையலாம். கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் தாமதமாவதும் உண்டு.

இன்னொன்று கொட்டகை சொல்வது. சினை மாடு ஐந்தாம் மாதத்துக்கு மேல் கன்று வீசியது, நஞ்சுக்கொடி விழாமல் தங்கியது, அதைக் கையால் எடுத்தீர்கள், ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தீர்கள், பச்சைப் பாலோ காய்ச்சாத சீம்பாலோ குடித்தீர்கள், இறைச்சிக் கூடத்தில் வேலை செய்கிறீர்கள், கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறீர்கள், கன்றுகளுக்கு இந்த நோய்க்கான எஸ்-19 தடுப்பூசி போடும்போது ஊசி உங்கள் கையில் குத்திவிட்டது. இதில் ஒன்று இருந்து மேலே சொன்ன காய்ச்சலும் இருந்தால் சோதனை கேட்கலாம். கொட்டகைக் கதை எதுவுமே இல்லாதவருக்கு இந்தச் சோதனை செய்தால் தெளிவைவிடக் குழப்பம்தான் அதிகம் கிடைக்கும். ஏன் என்பது பின்னால்.

இரண்டாம் படி: டாக்டரிடம் சொல்லும் கதை

எங்கள் ஊரில் டாக்டரிடம் உட்கார்ந்ததும் "காய்ச்சல், உடம்பு வலி" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வோம். மாட்டைப் பற்றிப் பேசுவது அங்கே பொருந்தாது என்று ஒரு கூச்சம். டாக்டரும் வெளியே காத்திருக்கும் ஐம்பது பேரை நினைத்து வைடால் எழுதிவிடுவார். வைடாலில் லேசாக ஏதோ ஒன்று காட்டும். டைபாய்டு மருந்து பத்து நாள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறும். என் சித்தப்பாவுக்கு இப்படி மூன்று சுற்று போனது. நான்காவது மருத்துவர்தான், "உங்கள் தொழில் என்ன ஐயா?" என்று கேட்டார்.

எனவே போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி. மாடோ ஆடோ கன்று வீசியதா, எந்த மாதத்தில். சந்தையில் புதிதாக வாங்கிய கால்நடை உண்டா. பொய்கையில் வாங்கிய மாடானாலும் ஒடுகத்தூரில் வாங்கிய ஆடானாலும் வாங்கிய தேதி. வீட்டில் வேறு யாருக்காவது இதே போன்ற காய்ச்சல் உண்டா. இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகளையும் தூக்கி எறியாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாகக் காசநோய் மருந்து சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதில் உள்ள ரிஃபாம்பிசின் புரூசெல்லாவையும் அடக்கும் மருந்து. நோயை முழுதாகத் தீர்க்காமல் பாதி அடக்கி வைத்துவிட்டால் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். முதுகெலும்பைத் தாக்குவதில் இரண்டு நோயும் பங்காளிகள் போல. காசநோய் பெரும்பாலும் நடு முதுகில், புரூசெல்லா பெரும்பாலும் இடுப்புப் பகுதியில் உட்காரும் என்பது ஒரு துப்பு. அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

மூன்றாம் படி: இரத்தம் கொடுப்பது

வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. ஆனால் வயிறு முட்ட எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு உடனே வந்தால் சீரம் பால் போலக் கலங்கிவிடும், படிப்பது கடினம். கை நரம்பிலிருந்து மூன்று முதல் ஐந்து மில்லி இரத்தம் போதும். உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்காத, சிவப்பு அல்லது மஞ்சள் மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். அரை மணி நேரம் அப்படியே நிறுத்தினால் இரத்தம் உறையும். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் வைத்தால், உறைந்தது அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் சீரம். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகள், பாடப் புத்தகம் எதிர்ப்பொருள் என்று சொல்பவை, அதில்தான் இருக்கின்றன.

நேரம் முக்கியம். கிருமி நுழைந்தால் முதலில் ஐ.ஜி.எம். என்ற வகை ஆன்டிபாடி ஏறும். நோயின் முதல் வாரத்திலேயே தென்படலாம். இரண்டாம் வாரம் முதல் ஐ.ஜி.ஜி. ஏறத் தொடங்கி, ஏறத்தாழ நான்காம் வாரத்தில் உச்சிக்குப் போகும். ஆகவே காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே கொடுத்த இரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிக் கதையை மூடிவிடக் கூடாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரி கொடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரத்தக் கல்ச்சருக்கும் கேளுங்கள். கிருமியையே வளர்த்துக் காட்டுவதால் அதுதான் அசைக்க முடியாத சாட்சி. மற்றதெல்லாம் கிருமி வந்து போன காலடித் தடத்தைப் பார்ப்பதுதான். ஆனால் இது மெதுவாக வளரும் கிருமி. தானியங்கி இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். பழைய முறையில் மூன்று நான்கு வாரம்கூடப் புட்டியைக் காத்து வைப்பார்கள். கல்ச்சர் அனுப்பும் சீட்டில் 'புரூசெல்லா சந்தேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். இதை உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. காற்றில் தெறிக்கும் சிறு துளியை மூச்சில் இழுத்தாலே ஆய்வகத்தில் வேலை செய்பவருக்குத் தொற்றிவிடும். உலகெங்கும் ஆய்வக ஊழியர்களைப் பிடிக்கும் நோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. எழுதாமல் அனுப்பினால், ஏதோ சாதாரணக் கிருமி என்று எங்களில் ஒருவர் தட்டைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்துவிடுவார். பழைய ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நான்காம் படி: வெள்ளைத் தட்டில் ஒரு இளஞ்சிவப்புத் துளி

முதலில் செய்வது ரோஸ் பெங்கால் சோதனை. பெயரில் இருக்கும் ரோஜா நிறம் உண்மைதான். கொன்று, சாயம் ஏற்றி, அமிலக் கரைசலில் மிதக்க விட்ட புரூசெல்லா கிருமிகள்தான் இதற்கான ஆன்டிஜென், அதாவது ஆன்டிபாடி வந்து ஒட்டிக்கொள்ளும் பொருள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள் அதிகம்.

வெள்ளைத் தட்டின் ஒரு வட்டத்தில் 30 மைக்ரோலிட்டர் சீரம். பக்கத்தில் அதே அளவு ஆன்டிஜென். ஒரு குச்சியால் இரண்டையும் கலந்து இரண்டு சென்டிமீட்டர் வட்டமாகப் பரப்பி, தட்டை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும் வேகம். அதைவிட வேகம் வேண்டாம். பெரும்பாலும் முதல் நிமிடம் எதுவும் நடக்காது. வெறும் ரோஜாப்பால். பிறகு, ஆன்டிபாடி நிறைய இருந்தால், துளியின் ஓரம் முதலில் திரிந்த பால் போல ஆகும். பொடிப்பொடியாக, ரவை தூவினாற்போல, இளஞ்சிவப்புத் துகள்கள் நகர்ந்து ஓரத்தில் ஒதுங்க, நடுவில் தெளிந்த நீர் தெரியும். சரியாக நான்கு நிமிடத்தில் பார்த்து முடிவு எழுதிவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் துளி ஓரத்தில் காய்ந்து, இல்லாத துகள்கள் இருப்பதாகத் தெரியும்.

பக்கத்து வட்டங்களில் 'உண்டு' என்று முன்பே தெரிந்த சீரம் ஒன்றும், 'இல்லை' என்று தெரிந்த சீரம் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். அந்த இரண்டும் இல்லாமல் செய்த சோதனைக்கு மதிப்பு கிடையாது. கரைசலில் அமிலம் எதற்கு என்றால், தொடர்பில்லாத சில ஐ.ஜி.எம். ஆன்டிபாடிகள் வீணாகத் திரட்டுவதை அது மட்டுப்படுத்தும். விலை குறைவு, சில நிமிடங்களில் முடிவு, நோயுள்ளவரைத் தவறவிடுவது அபூர்வம். ஆனால் இது வாசற்காவல்காரர் மட்டுமே. இதில் 'உண்டு' என்று வந்தவரை அடுத்த படிக்கு அனுப்ப வேண்டும். அந்த இடத்திலேயே சிகிச்சை தொடங்கிவிடக் கூடாது.

சில சிறிய ஆய்வகங்களில் வைடாலோடு சேர்த்து அபார்டஸ், மெலிடென்சிஸ் என்று இரண்டு ஸ்லைடு சோதனைகள் செய்து தருவார்கள். இரண்டிலும் 'உண்டு' என்று வந்தால் இரண்டு நோய் என்று பயந்துவிடாதீர்கள். இரண்டு கிருமிகளின் மேல்தோலும் ஏறத்தாழ ஒன்றே. மாடா ஆடா என்று ஆன்டிபாடிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஐந்தாம் படி: குழாய் வரிசை, என் தவறு

அடுத்தது குழாய்ச் சோதனை. வைடால் செய்து பழகியவர்களுக்கு இது அண்ணன் தம்பி உறவு. கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, பீனால் கலந்த உப்பு நீரில் சீரத்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போவோம். 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 என்று. ஒவ்வொன்றிலும் சம அளவு ஆன்டிஜென். பிறகு 37 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க வைத்திருந்து மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். ஆன்டிபாடி வேலை செய்த குழாயில் அடியில் கிழிந்த துணி விரித்தாற்போல ஒரு படலம், மேலே தெளிந்த நீர். வேலை செய்யாத குழாய் அரிசி கழுவிய நீர் போலக் கலங்கியே நிற்கும். பாதியாவது தெளிந்து நிற்கும் கடைசிக் குழாயின் எண்தான் டைட்டர்.

அணைக்கட்டுப் பக்கத்து அம்மாவின் சீரம் ரோஸ் பெங்காலில் முதல் நிமிடத்திலேயே திரிந்தது. மறுநாள் காலை குழாய்களைப் பார்த்தேன். 1:20 கலங்கல். 1:40 கலங்கல். 1:80, 1:160 எல்லாம் கலங்கல்தான். அன்று நான் 1:160-உடன் நிறுத்தியிருந்தேன். ஆன்டிஜென் குறைவாக இருந்தது, மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கணக்கு. தட்டு 'உண்டு' என்கிறது, குழாய் 'இல்லை' என்கிறது. குழாய்ச் சோதனைதானே பெரிது என்று 'இல்லை' என எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து அவர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. இந்த முறை 1:2560 வரை வைத்தேன். முதல் மூன்று குழாய்கள் அதே கலங்கல். நான்காவதிலிருந்து தெளிந்தது, 1:1280 வரை கண்ணாடி போல. ஆன்டிபாடி குறைவாக இருந்து கலங்கவில்லை; அளவுக்கு மீறி இருந்ததால் கலங்கியது. ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக ஆன்டிபாடிகள் மொய்த்துக்கொண்டால், ஒரு கிருமியை இன்னொன்றோடு பிணைக்க இடமில்லாமல் போகும். புரோசோன் என்று பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அதனால், அறிக்கையில் டைட்டர் 'இல்லை' என்று வந்து, காய்ச்சலும் கொட்டகைக் கதையும் வலுவாக இருந்தால், "எதுவரை நீர்த்துப் பார்த்தீர்கள்?" என்று ஆய்வகத்தில் கேளுங்கள். குறைந்தது 1:1280 வரையாவது போயிருக்க வேண்டும். கேட்பதால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

ஆறாம் படி: மற்ற சோதனைகள் எப்போது

சில அறிக்கைகளில் 2-மெர்காப்டோஎத்தனால் என்று ஒரு வரி இருக்கும். இந்த வேதிப்பொருள் ஐ.ஜி.எம். மூலக்கூறை உடைத்துவிடும். அதைச் சேர்த்த பிறகும் குழாய் திரண்டால் அது ஐ.ஜி.ஜி.யின் வேலை, அதாவது நோய் இப்போது உடலில் வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் பொருள். இதைச் செய்த நாளில் வீட்டில் மதிய உணவு இறங்காது.

எலைசா என்ற இன்னொரு ஆன்டிபாடி சோதனை ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டையும் தனித்தனியாக அளக்கும். நோய் நாட்பட்டவர்களுக்கும், மூளை நரம்பைத் தாக்கியிருக்கிறதோ என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கும் உதவும். ஆனால் ஐ.ஜி.எம். மட்டும் 'உண்டு' என்று வந்த தனி எலைசா அறிக்கையை அப்படியே நம்பாதீர்கள். பொய்யாகக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. குழாய்ச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். மாதக்கணக்கில் நோய் இழுத்தவர்களிடம் சில ஆன்டிபாடிகள் ஒட்டிக்கொண்டும் திரட்டாமல் நிற்கும். அவற்றைக் கண்டுபிடிக்கக் கூம்ஸ் முறை உண்டு.

ஏழாம் படி: அறிக்கையைப் படிப்பது

1:160 அல்லது அதற்கு மேல் டைட்டர், பொருந்தும் அறிகுறிகள், கொட்டகைத் தொடர்பு. மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். நோய் பரவலாக உள்ள இடங்களில் 1:320 என்று கோட்டை உயர்த்தி வைப்பவர்களும் உண்டு. மாட்டோடேயே வாழ்பவர்களிடம் பழைய தொற்றின் ஆன்டிபாடி சிறிதளவு எப்போதும் இருக்கலாம் என்பதே காரணம்.

1:80 போன்ற நடுவாந்தர எண் வந்தால் அவசரப்படாமல் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் மாதிரி. அதே ஆய்வகம், அதே முறை. முடிந்தால் முதல் சீரத்தை உறைய வைத்திருந்து இரண்டையும் ஒரே நாளில் ஓட்டச் சொல்லலாம். நான்கு மடங்கு ஏறியிருந்தால், அதாவது 1:80 என்றிருந்தது 1:320 ஆனால், அது புதிய தொற்று. 1:80 வெறும் 1:160 ஆனது ஏற்றமே அல்ல. ஒரு குழாய் முன்னும் பின்னும் போவது என் கைக்கும் இன்னொருவர் கைக்கும் உள்ள வித்தியாசம்.

சில அறிக்கைகளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஐ.யூ. என்ற சர்வதேச அலகு இருக்கும். நம் நாட்டில் பயன்படும் ஆன்டிஜென் கணக்குப்படி 1:80 டைட்டர் என்பது 160 ஐ.யூ. ஆகவே ஒரு இடத்தில் 80, இன்னொரு இடத்தில் 160 என்று பார்த்துவிட்டு நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று பதறி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏமாற்றும் முடிவுகள் இரண்டு வகை. இல்லாத நோயை உண்டு என்று சொல்வது ஒன்று. யெர்சினியா என்டெரோகோலிட்டிகாவின் ஓ-9 வகை, காலரா கிருமி, ஈ.கோலை ஓ-157 ஆகியவற்றின் மேல்தோல் புரூசெல்லாவை ஒத்திருக்கும். அவற்றுக்காக உருவான ஆன்டிபாடி இங்கேயும் வந்து திரட்டிவிடும். கொட்டகைக் கதை இல்லாதவருக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான். அப்படிப்பட்டவரிடம் வரும் 'உண்டு' பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும்.

இருக்கும் நோயை இல்லை என்பது இன்னொன்று. சீக்கிரமாக எடுத்த மாதிரி, புரோசோன் இரண்டையும் பார்த்தோம். மூன்றாவது, நாயிடமிருந்து வரும் கேனிஸ். அதன் மேல்தோல் வேறு; வழக்கமான ஆன்டிஜென் அதைக் காட்டவே காட்டாது. நாய் வளர்ப்பவர் அதையும் தாளில் எழுத வேண்டும்.

எட்டாம் படி: சிகிச்சையும் மறு சோதனையும்

மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வழக்கம் என்ன என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை ஆறு வாரம். அதோடு ரிஃபாம்பிசின் ஆறு வாரம், அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இரண்டு மூன்று வாரம். ஒற்றை மருந்து போதாது. எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்து மாறும். முதுகெலும்பு, இதய வால்வு, மூளை தாக்கப்பட்டிருந்தால் காலம் நீளும். கிருமி நம் நோயெதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால்தான் இவ்வளவு நாள். இரண்டாம் வாரமே காய்ச்சல் போய்விடும். மூன்றாம் வாரம் மாத்திரை வாங்கக் கடைக்கு யாரும் போக மாட்டார்கள். நோய் திரும்பி வருவதற்குப் பெருங்காரணம் இதுதான். முழுதாகச் சாப்பிட்டவர்களிலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத் திரும்பலாம், பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்.

மருந்து முடிந்த மறுவாரமே "டைட்டர் இன்னும் இறங்கவில்லையே" என்று அறிக்கையோடு வருவார்கள். ஆன்டிபாடி மெல்லத்தான் இறங்கும். நோய் தீர்ந்த பிறகும் ஓராண்டுக்கு மேல்கூட ஐ.ஜி.ஜி. தங்கியிருக்கலாம். மாதாமாதம் சோதித்து மனத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல், வலி, எடை இவற்றைக் கவனியுங்கள். இறங்கிக்கொண்டிருந்த எண் மறுபடி ஏறினால், அதோடு காய்ச்சலும் வந்தால், அப்போது மருத்துவரிடம் போங்கள்.

மாட்டுத் தடுப்பூசி தவறிக் கையில் குத்திவிட்ட கால்நடை ஊழியர்களுக்கும், பாதுகாப்பின்றிக் கல்ச்சர் தட்டைத் திறந்துவிட்ட ஆய்வக ஊழியர்களுக்கும் கணக்கு வேறு. அன்றே அடிப்படை மாதிரி ஒன்று, பிறகு 6, 12, 18, 24 வாரங்களில் மாதிரி. தடுப்பு மருந்தாக மூன்று வாரம் மாத்திரையும் தருவார்கள். எஸ்-19 உயிருள்ள கிருமி; சாதாரண ஊசிக் குத்து என்று துடைத்துவிட்டுப் போகக் கூடாது.

ஒன்பதாம் படி: வீட்டாரும் மாடும்

ஒருவருக்கு உறுதியானால், அதே பாலைக் குடித்தவர்களையும் அதே மாட்டைத் தொட்டவர்களையும் விசாரிக்க வேண்டும். அந்த அம்மா வீட்டில் மாமியாருக்கு இல்லை. கணவருக்கு 1:80, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அவருக்கு மருந்து கொடுக்கவில்லை, கண்காணிப்பு மட்டும்தான். எண்ணுக்காக மருந்து சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மாட்டைச் சோதிக்க உள்ளூர்க் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். மாட்டின் இரத்தத்திலும் அதே ரோஸ் பெங்கால்தான். பாலில் செய்யும் வளையச் சோதனையும் உண்டு: பாலில் சாயமேற்றிய ஆன்டிஜெனைக் கலந்து வைத்தால், ஆன்டிபாடி இருக்கும் பாலில் நிறம் மேலே ஏறி ஆடையோடு வளையமாக நிற்கும். பல மாடுகளின் பாலைச் சேர்த்தும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் கன்றுப் பருவத்தில் எஸ்-19 போட்ட மாட்டுக்குத் தடுப்பூசியாலும் ஆன்டிபாடி காட்டலாம். எனவே தடுப்பூசிப் பதிவை மருத்துவரிடம் காட்ட மறக்காதீர்கள். அந்த ஊசி நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை. 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் போடுகிறார்கள். கிடேரிக் கன்று இருந்தால் அந்த நான்கு மாத இடைவெளியைத் தவறவிடாதீர்கள்.

நோய் உள்ள மாட்டைத் தனியே கட்டுங்கள். குணமாக்கும் சிகிச்சை நடைமுறையில் இல்லை. சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். நீங்கள் வாங்கியதும் அப்படி வந்த மாடாகவே இருக்கக்கூடும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். பால் ஒரு முறை நன்றாகப் பொங்கினால் போதும், இந்தக் கிருமி செத்துவிடும்.

சீம்பாலை வேகவைத்துச் சாப்பிடும் நம் வழக்கத்தில் அபாயம் இல்லை. கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்தான் இருக்கிறது. அணைக்கட்டு அம்மாவின் வீட்டில் அதை நிறுத்திவிட்டார்கள். பேரனுக்கு மட்டும் கோபம். காய்ச்சிய பாலில் ஆடை மிதக்கிறது, வேண்டாம் என்கிறானாம். வடிகட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.